குழந்தைகள் அவசர சிகிச்சையில் ஏஐ: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் டாக்டரும் நர்ஸும் இன்று இரண்டு பாடங்களைச் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் ஆபத்தைக் கண்டுகொள்வது. இன்னொன்று, திரையில் வந்து நிற்கும் ஏஐயின் யோசனையை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்பது. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. ஆனால் முதல் பாடம் கைவராதவருக்கு இரண்டாவது பயன்படாது என்பதால், அதையும் தொட்டுக்கொண்டே போகிறேன்.

ஏஐ வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டம் நெருக்கும் ஒரு இரவில், எக்ஸ்ரேயின் ஓரத்தில் மெல்லிய கீறலாக இருக்கும் முறிவை அது சுட்டிக்காட்டினால் அந்தக் குழந்தைக்கு நல்லதுதான். நான் வற்புறுத்துவது வரிசையை: முதலில் குழந்தையைப் பாருங்கள், உங்கள் முடிவை எழுதுங்கள், அதற்கப்புறம் திரையைப் பாருங்கள். திரையை முதலில் பார்த்துவிட்டால், அதில் வந்த விடைக்கு ஏற்பவே குழந்தையைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். அனுபவசாலிகளுக்கும் இது நடக்கும். புதியவர்களுக்கு இன்னும் எளிதாக நடக்கும்.

படி 1: கருவி எந்த வேலைக்கு வந்தது, யாரைப் பார்த்துப் படித்தது?

ஏஐ என்று ஒரே பெயரில் அழைத்தாலும் உங்கள் பிரிவில் இருப்பவை வெவ்வேறு கருவிகளாக இருக்கும். வந்தவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்று டிரையாஜில் யோசனை சொல்வது ஒன்று. நாடித்துடிப்பு, மூச்சு, ரத்தப் பரிசோதனை எண்களைக் கவனித்து செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் உயிராபத்தான நிலை) எச்சரிக்கை எழுப்புவது இன்னொன்று. எக்ஸ்ரேயும் ஸ்கேனும் படிப்பது வேறு. நீங்கள் பேசுவதைக் கேட்டு கேஸ் ஷீட் எழுதுவது வேறு. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும் சாட்பாட் முற்றிலும் வேறு. ஒன்றில் கிடைத்த நம்பிக்கையை இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளக் கூடாது.

ஒவ்வொரு கருவியைப் பற்றியும் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: இது எந்த வயதுக் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது? "குழந்தைகளிடமும் வேலை செய்யும்" என்ற பதில் போதாது. பிறந்து இருபது நாளான குழந்தையும் பதினான்கு வயதுப் பிள்ளையும் உடலளவில் ஒரே வகை நோயாளிகள் அல்ல. இரண்டு வயதுக்கு மேல் என்று அனுமதி பெற்ற கருவி பத்து மாதக் குழந்தையின் படத்துக்கும் ஏதோ ஒரு விடையைத் தரலாம். அந்த விடைக்குப் பின்னால் எந்தச் சோதனையும் இருக்காது.

வயதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு கோவிட் காலத்து ஆராய்ச்சிகளே சாட்சி. நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துக் கோவிட்டைக் கண்டுபிடிக்கும் என்று பல ஏஐ மாதிரிகள் வந்தன. 2021-இல் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தபோது ஒரு அடிப்படைக் குறை தெரிந்தது. கோவிட் இல்லாதவர்களின் படங்கள் என்று பலர் எடுத்துக்கொண்டது, 1 முதல் 5 வயதுவரை உள்ள குழந்தைகளின் எக்ஸ்ரேக்கள் கொண்ட ஒரு பொதுத் தொகுப்பை. கோவிட் படங்களோ பெரியவர்களுடையவை. அப்படிப் பயிற்றிய மாதிரி நோயைப் பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லை. குழந்தையா பெரியவரா என்று பிரித்தாலே போதும், மதிப்பெண் வந்துவிடும். காகிதத்தில் பிரமாதமான துல்லியம், வார்டில் பயனில்லை. உங்கள் கைக்கு வரும் கருவியின் விளக்கக் கையேட்டில் வயது வரம்பு எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் படிப்பதை முதல் வாரத்து வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த ஏஐ சட்டம், அவசர மருத்துவத்தில் நோயாளிகளை டிரையாஜ் செய்யும் கருவிகளை அதிக ஆபத்துள்ளவை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பவற்றுக்கு மனித மேற்பார்வை வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். சட்டம் அங்கே மட்டும் செல்லுபடியாகும், காரணம் எங்கேயும் பொருந்தும்.

படி 2: அரை நிமிடம், குழந்தையை மட்டும்

தொடாமல், ஸ்டெதாஸ்கோப் வைக்காமல், அம்மா மடியில் இருக்கும் குழந்தையை சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். குழந்தை மருத்துவத்தில் இதற்கு மதிப்பீட்டு முக்கோணம் என்று ஒரு முறை உண்டு: தோற்றம், மூச்சுவிடப் படும் பாடு, தோலின் நிறம்.

தோற்றம் என்றால் முகக்களை மட்டும் அல்ல. கை கால்கள் துவண்டு கிடக்கின்றனவா? நீங்கள் உள்ளே வந்ததும் கண் உங்களைத் தொடர்கிறதா? அம்மா தட்டிக்கொடுத்தால் அழுகை அடங்குகிறதா? அழுகை ஓங்கி வருகிறதா, முனகலாக இருக்கிறதா? டாக்டரைக் கண்டதும் அலறும் இரண்டு வயதுக் குழந்தை பெரும்பாலும் உங்களுக்குக் கொஞ்சம் நேரம் தருகிறது. ஊசி போடும்போதுகூட அழாத குழந்தைக்குத்தான் ஓட வேண்டும்.

மூச்சுக்கு, அம்மாவையே சட்டையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்குகிறதா, மூக்கின் ஓரங்கள் விரிகின்றனவா, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுகிறதா, மூச்சை விடும்போது "ம்ஹ்" என்று ஒரு முக்கல் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2 மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ம் மேலும், 1 முதல் 5 வயதுக்குள் 40-ம் மேலும் போனால் அது வேகமான மூச்சு. தோலில் வெளிறல், நீலம், பளிங்கில் ஓடும் கோடுகள் போன்ற திட்டுத்திட்டான நிறம் ஆகியவற்றைப் பாருங்கள்.

முக்கலும் சதை உள்வாங்குவதும் டிரையாஜ் கருவிக்குத் தெரிய வேண்டுமானால் யாராவது அதைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். பெட்டியை நிரப்பாமல் விட்டால், கருவி அதை "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளக்கூடும்.

இப்படிப் பார்த்து, மூச்சையும் எண்ணி முடித்ததும் ஒரு வரி எழுதுங்கள்: "உடனடி", "சீக்கிரம்", "காத்திருக்கலாம்". உங்கள் பிரிவில் ஐந்து நிலை முறை இருந்தால் அந்த எண்ணை எழுதுங்கள். நேரத்தையும் போடுங்கள். இப்போது திரையைத் திறக்கலாம்.

உங்கள் கணிப்பும் கருவியின் கணிப்பும் ஒன்றானால் வேலையைத் தொடருங்கள். வேறுபட்டால், எது அதிக ஆபத்தைச் சொல்கிறதோ அதன்படி முதலில் நடந்துகொள்ளுங்கள், பிறகு காரணத்தைத் தேடுங்கள். கருவி சொன்னது என்பதற்காக ஒரு குழந்தையின் அவசரத்தை ஒருபோதும் குறைக்காதீர்கள். கூட்டுவதற்கு அதன் பேச்சைக் கேட்கலாம். குறைக்க வேண்டுமானால் ஒரு சீனியர் குழந்தையை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். புதியவர்களுக்கு முதல் ஆண்டு முழுக்க இந்த ஒரு விதி போதும் என்பது என் கருத்து.

படி 3: உள்ளே போகும் எண்களைச் சரிபாருங்கள்

கிலோவில் எழுத வேண்டிய எடை பவுண்டில் விழுந்திருக்கலாம். மாதத்தில் போட வேண்டிய வயது வருடத்தில் போயிருக்கலாம். 8 மாதக் குழந்தையை 8 வயதாக்கிவிட்டால், மற்ற எல்லாக் கணிப்பும் அந்த நொடியே பொய். நாடித்துடிப்பு 150 என்பது கைக்குழந்தையிடம் சாதாரணமாக இருக்கலாம், எட்டு வயதுப் பிள்ளையிடம் கவலைக்குரியது.

குழந்தை கதறிக்கொண்டிருக்கும்போது எடுத்த நாடித்துடிப்பு, காலை உதைக்கும்போது பல்ஸ் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் கருவி) காட்டிய எண் இவற்றை அப்படியே கருவிக்குள் அனுப்பாதீர்கள். ப்ரோப் ஒட்டிய விரல் சூடாக இருக்கிறதா, மானிட்டரில் அலை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு எண்ணை எடுங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கருமையான தோல் உள்ளவர்களிடம் அது ரத்த ஆக்சிஜனை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது 2020-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில் தெளிவாக வெளிவந்தது. அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போடும் ஏஐயும் அதே பிழையைச் சுமக்கும். எண் 95 என்று காட்டினாலும் குழந்தை மூச்சுக்குப் போராடினால், குழந்தையை நம்புங்கள்.

ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று கருவி அமைதியாக இருந்தாலும் மயங்கிவிட வேண்டாம். குழந்தைகளின் உடல் ரத்த அழுத்தத்தைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கும். நாடித்துடிப்பு ஏறும், கை கால் ஜில்லிடும், நகத்தை அழுத்திவிட்டால் ரத்தம் திரும்ப நேரமாகும். இவை எல்லாம் வந்த பிறகுதான் அழுத்தம் சரியும், அப்போது நமக்கு நேரம் மிகக் குறைவாக இருக்கும்.

படி 4: எச்சரிக்கை ஒலித்தால், ஒலிக்காவிட்டால்

ஒரு சின்னக் கணக்கு. காய்ச்சலோடு 1000 குழந்தைகள் வருகிறார்கள், அவர்களில் 10 பேருக்குக் கடுமையான தொற்று என்று வைத்துக்கொள்வோம். கருவி நோயுள்ளவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பது இதுதான்: 10 பேரில் 9 பேருக்கு எச்சரிக்கை வரும். மீதி 990 பேரில் 99 பேருக்கும் வரும். மொத்தம் 108 எச்சரிக்கைகள், அவற்றில் உண்மை 9. பன்னிரண்டு முறை ஒலித்தால் ஒருமுறை நிஜம். அந்தப் பத்தாவது குழந்தைக்கு எதுவுமே ஒலிக்காது.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு பழக்கங்கள் வர வேண்டும். எச்சரிக்கை வந்ததும் பதற வேண்டாம், ஆனால் எழுந்துபோய்க் குழந்தையை மறுபடி பார்க்க வேண்டும். பதினோரு முறை வீணாக எழுந்தவர் பன்னிரண்டாவது முறை உட்கார்ந்தே பொத்தானை அழுத்தி அணைத்துவிடுவார், ஆபத்து அங்கேதான். எச்சரிக்கை வரவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது இரண்டாவது பழக்கம். "என் குழந்தை எப்போதும்போல இல்லை" என்று தாய் சொன்னால், அமைதியான திரையைவிட அந்த வாக்கியத்துக்குக் கனம் அதிகம்.

நிஜத்தில் நிலைமை என் கணக்கைவிட மோசமாகவும் இருக்கலாம். அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் பெரியவர்களுக்காகப் புழங்கிவந்த ஒரு செப்சிஸ் எச்சரிக்கைக் கருவியை மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் தங்கள் நோயாளிகளிடம் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். செப்சிஸ் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டிருந்தது. ஒரு இடத்தில் நன்றாக வேலை செய்த கருவி இன்னொரு இடத்தில் அப்படியே வேலை செய்யும் என்று எண்ணக் கூடாது.

குழந்தைகளுக்கென 2024 ஜனவரியில் வந்த ஃபீனிக்ஸ் செப்சிஸ் அளவுகோல் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பல நாடுகளின் மருத்துவமனைகளில் பதிவான 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தை வருகைகளின் தரவை இயந்திரக் கற்றல் முறைகளோடு அலசி அதை உருவாக்கினார்கள். தொற்று சந்தேகம் உள்ள குழந்தைக்கு 2 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் செப்சிஸ். புதியவர்கள் பலர் இதை ஆரம்ப எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். அது அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. உறுப்புகள் பாதிக்கப்படத் தொடங்கியதை உறுதிசெய்யும் அளவுகோல் அது. புள்ளி ஏறட்டும் என்று காத்திருந்தால் சிகிச்சை தாமதமாகும்.

இன்னொன்று. கோபன்ஹேகனில் அவசர அழைப்பு மையத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளைக் கேட்டு இதயம் நின்றுபோனதைக் கண்டுபிடிக்கும் கருவியைச் சோதித்தார்கள். பதிவான அழைப்புகளை வைத்துப் பார்த்தபோது அழைப்பை எடுக்கும் பணியாளர்களைவிட அது கூடுதலாகக் கண்டுபிடித்தது. பிறகு அந்த எச்சரிக்கையைப் பணியாளரின் திரையில் காட்டிச் சோதித்தபோது, அவர்கள் கண்டுபிடிக்கும் விகிதம் சொல்லிக்கொள்ளும்படி உயரவில்லை. கருவி சரியாகச் சொல்வது ஒரு விஷயம், அதைக் கேட்டு மனிதர் செயல்படுவது இன்னொரு விஷயம். அதனால் டியூட்டி தொடங்கும்போதே பேசி வையுங்கள்: எச்சரிக்கை வந்தால் யார் போய்ப் பார்ப்பது, எத்தனை நிமிடத்துக்குள், யாரிடம் சொல்வது.

படி 5: எக்ஸ்ரேயும் ஸ்கேனும்

குழந்தையின் எலும்பில் வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு நீளும் மென்மையான பகுதிகள், இருக்கும். முழங்கை மூட்டில் எலும்பு மையங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வயதில் தோன்றும். பெரியவர்களின் படங்களில் படித்த கருவிக்கு இவை முறிவாகத் தெரியலாம். நிஜ முறிவு சாதாரணமாகத் தெரியலாம். குழந்தைகளுக்கென்று சோதிக்கப்பட்ட கருவிதானா என்ற கேள்வி இங்கே மீண்டும் வரும். கருவி வட்டமிட்ட இடத்தில் கை வைத்து அழுத்திப் பாருங்கள். வலி அங்கே இல்லாவிட்டால், வலிக்கும் இடத்தைப் படத்தில் நீங்களே தேடுங்கள்.

கருவி கேட்கவே கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இந்த முறிவு எப்படி ஏற்பட்டது? இன்னும் நடக்கத் தொடங்காத குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தால், படத்தில் முறிவைச் சரியாகக் காட்டிவிட்டு ஏஐயின் வேலை முடிந்துவிடும். உங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது. சொல்லப்படும் கதையும் காயமும் பொருந்துகிறதா, உடலில் வேறு தழும்புகள் உண்டா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் சீனியரை உடனே அழையுங்கள்.

தலையில் அடிபட்டு வரும் குழந்தைக்கு சிடி ஸ்கேன் தேவையா என்று தீர்மானிக்க ஏஐ அவசியம் என்று நினைக்க வேண்டாம். 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து உருவாக்கி 2009-இல் வெளியான பெக்கார்ன் விதி ஒரு அட்டையில் அடங்கும். ஆபத்து மிகக் குறைந்த குழந்தைக்கு ஸ்கேனின் கதிர்வீச்சைத் தவிர்க்கலாம் என்று நம்பிக்கையோடு சொல்ல அது போதும்.

படி 6: மருந்தின் அளவை சாட்பாட்டிடம் கேட்காதீர்கள்

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதயம் நின்ற குழந்தைக்கு அட்ரீனலின் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். குழந்தை 12 கிலோ என்றால் 0.12 மில்லிகிராம். நீர்க்கச் செய்த மருந்தில் ஒரு மில்லிக்கு 0.1 மில்லிகிராம் இருக்கும், ஆகவே 1.2 மில்லி. அதே அலமாரியில் ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம் உள்ள ஆம்பியூலும் (சின்ன மருந்துக் குப்பி) இருக்கிறது. "1.2" என்ற எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு அந்த ஆம்பியூலிலிருந்து எடுத்தால் பத்து மடங்கு மருந்து போய்விடும். சாட்பாட் எந்த ஆம்பியூலைப் பற்றிப் பேசுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் கையில் எது இருக்கிறது என்று அதற்கும் தெரியாது.

எடைக்கேற்ற அளவு அச்சிட்ட அட்டை, உயரத்தை வைத்து எடை கணிக்கும் ப்ரோஸ்லோ டேப், மருத்துவமனை ஒப்புதல் தந்த கணிப்பான் இவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். ஒருவர் கணக்கிட்டதை இன்னொருவர் தனியாகக் கணக்கிட்டு, மில்லிகிராமும் மில்லியும் இரண்டையும் உரக்கச் சொல்ல வேண்டும்.

நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லி சாட்பாட்டைக் கேட்பதும் அவசர நேரத்துக்கு ஏற்றதல்ல. 2024 தொடக்கத்தில் வெளியான ஒரு ஆய்வில், சிக்கலான 100 குழந்தை நோயாளிகளின் விவரங்களை அன்றைய சாட்ஜிபிடியிடம் கொடுத்தார்கள். 83-ல் சரியான விடை வரவில்லை. 72 முழுத் தவறு, 11 கிட்டத்தில் வந்தாலும் ஏற்க முடியாத அளவுக்குப் பொதுவானவை. அதற்குப் பிறகு மாதிரிகள் முன்னேறியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் தவறும்போதும் அதே நிதானமான, நம்பிக்கையான தொனியில்தான் எழுதுகின்றன. சாட்பாட்டுக்கு நல்ல இடம் டியூட்டி முடிந்த பிறகு. ஒரு கற்பனை நோயாளியை உருவாக்கச் சொல்லிப் பயிற்சி எடுக்கலாம், "இதில் நான் எதையெல்லாம் யோசிக்கவில்லை?" என்று கேட்கலாம். எந்த நேரமானாலும் குழந்தையின் பெயர், பதிவு எண், உடல் படங்கள் எதையும் பொதுவில் கிடைக்கும் சாட்பாட்டில் போடக் கூடாது.

படி 7: குறிப்பு எழுதும் கருவி

பேசுவதைக் கேட்டு எழுதும் கருவி நேரத்தை நிறையவே மிச்சப்படுத்தும். கையெழுத்திடும் முன் நான்கு இடங்களை மட்டுமாவது வரிவரியாகப் படியுங்கள்: எடை, ஒவ்வாமை, கொடுத்த மருந்தின் அளவு, "இல்லை" என்று முடியும் எல்லா வாக்கியங்களும். வலிப்பு வந்ததா வரவில்லையா என்பது ஒரு அசையில் மாறிவிடும். குழந்தை அழுதுகொண்டே இருக்கும் அறையில் மைக் எதைக் கேட்டது என்று சொல்ல முடியாது. யாரும் பேசாத சொற்களைத் தானாகவே எழுதிவிடும் பழக்கமும் இந்த வகைக் கருவிகளுக்கு உண்டு.

பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?

கருவி பயன்படுத்துவதை மறைக்காதீர்கள். "படத்தைக் கம்ப்யூட்டரும் பார்க்கும், நானும் பார்ப்பேன், முடிவு நான் சொல்வேன்" என்றால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். சில பெற்றோர் வீட்டிலேயே சாட்பாட்டிடம் கேட்டுவிட்டு வருவார்கள். கடிந்துகொள்ள வேண்டாம். அது என்ன சொன்னது என்று கேளுங்கள். அவர்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பது அதிலேயே தெரியும். அனுப்பும்போது, மூச்சுத் திணறல், பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாதது, வலிப்பு, 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் எந்தச் செயலியிடமும் கேட்காமல் நேரே வர வேண்டும் என்று சொல்லி, எழுதியும் கொடுங்கள்.

கருவி தவறினால்

ஒரு நோட்டு வையுங்கள், பிரிவு முழுக்கப் பொதுவானதாக. குழந்தையின் வயது, கருவி சொன்னது, நீங்கள் முதலில் எழுதியது, கடைசியில் தெரிந்த நோய் என்று நான்கு பத்திகள் போதும். படி 2-இல் எழுதிய அந்த ஒரு வரிக்கு இங்கே மதிப்பு வரும். அது இல்லாவிட்டால் தவறு யாருடையது என்று யாராலும் பிரிக்க முடியாது. ஒரு வயதுக்குக் கீழே தொடர்ந்து தவறுகிறது என்பது போன்ற விஷயங்கள் ஒரு டியூட்டியில் தெரியாது, நோட்டைப் புரட்டினால் தெரியும். மாதம் ஒருமுறை சீனியரோடு உட்கார்ந்து அதைப் படியுங்கள், கருவியை விற்ற நிறுவனத்துக்கும் அனுப்புங்கள்.

மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் அது புதுக் கருவி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் உள்ள பழைய கேஸ்களில், முன்பு தவறியதும் சரியாகச் சொன்னதும் கலந்து எடுத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். விடைகள் மாறியிருந்தால், அடுத்த டியூட்டிக்கு வருபவர்களிடம் எது மாறியது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.